பாசம் பதிவாகவில்லை

முருகையனுக்குத் தன் மகள்மேல் இருக்கும் பாசம் இருபத்து மூன்று சதவீதம் என்பது ஜூலை இருபத்திரண்டாம் தேதி காலையில் தெரியவந்தது. அதுவரை அவன் அதை அளந்து பார்த்ததில்லை. தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பதினேழு வருஷமாக வேலை பார்ப்பவன். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அளக்கத் தெரிந்தவன். இருந்தும் இந்த அளவு விட்டுப்போயிருந்தது.

அளந்து சொன்னது அவன் செல்போன். அளக்கச் சொன்னது மகள் தீபலட்சுமி படித்த பள்ளிக்கூடம்.

லாஸ்பேட்டையில் இருந்த அந்தப் பள்ளிக்கு லா விக்துவார் வித்யாலயா என்று பெயர். பெயரில் பிரெஞ்சும் சமஸ்கிருதமும் ஏறி உட்கார்ந்துவிட்டதால் தமிழுக்கு இடம் இல்லை. பள்ளி தொடங்கிப் பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பாரம்பரியம் வேண்டும் என்பதற்காக, அப்பாக்களை மிசியே என்றும் அம்மாக்களை மதாம் என்றும்தான் அழைக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். வாசலில் இருந்த வாட்ச்மேன் சாமிக்கண்ணு மட்டும் எல்லோரையும் "இன்னா விசயம்" என்று கேட்டார். அவருக்கு இரண்டு முறை பயிற்சி கொடுத்தும் பலனில்லை.

தீபா ஒன்பதாம் வகுப்பு. தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்பது அவளுக்குத் தெரியும். யாரும் கேட்காமலே சொல்லுவாள். அவளை இந்தப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் முருகையனின் மனைவி ஜெயம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள். பள்ளிச் சீருடையில் இருந்த டையைத் தினமும் அவளே இஸ்திரி போடுவாள்.

ஜூன் மாதம் பெற்றோர் கூட்டம் நடந்தது. பட்டறையில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு முருகையன் போனான். தாளாளர் நிர்மலாதேவி மேடையேறினார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய அம்மையார்.

"நம்ம பள்ளியில மதிப்பெண் எடுக்கிறோம். வருகைப் பதிவு எடுக்கிறோம். நகம் வெட்டியிருக்கான்னு பாக்கிறோம். ஆனா பெற்றோர் பாசத்த மட்டும் இத்தனை வருஷமா நம்பிக்கையிலயே விட்டுவச்சிருந்தோம். அது ஒரு நிர்வாகத் தவறு. அதுக்காக நான் மனப்பூர்வமா வருத்தம் தெரிவிச்சுக்கிறேன்."

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். பெற்றோர்களும் தட்டினார்கள்.

"ஒரு குழந்தைக்கு வீட்டுல பாசம் கிடைக்குதுன்னு எதை வச்சு நம்புறது? குழந்தை சொல்லுதுன்னா? குழந்தை ஆயிரம் சொல்லும். ஆதாரம் வேணும் இல்லையா? வீட்டு விஷயத்துல பள்ளிக்கு என்ன வேலைன்னு சில பேர் கேக்கலாம். இன்னைக்கு வீட்டுல நடக்கிறது எல்லாம் இன்டர்நெட்டுலதான் நடக்குது. இன்டர்நெட் நம்ம பள்ளியில இருக்கு. அப்போ உங்க வீடும் நம்ம பள்ளியிலதான் இருக்கு."

அப்படித்தான் 'பாசம்' என்ற ஆப் தொடங்கிவைக்கப்பட்டது. தினமும் நாலு பதிவு. காலையில் பெற்றோரும் பிள்ளையும் வணக்கம் சொல்லிக்கொள்ளும் வீடியோ. மதியச் சாப்பாட்டு டப்பாவின் படம். பன்னிரண்டு நிமிஷத்துக்குக் குறையாத உரையாடல். மாலையில் ஓர் அணைப்பு. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஒன்பதாவதிலிருந்து பத்தாவதுக்கு எடுத்துக்கொள்ள, தேர்வுக்கு எழுபது, பாசத்துக்கு முப்பது. இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் கையில் டி.சி. கொடுக்கப்படும்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, இந்த மாதிரி செல்போன் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டாள்.

"பாசம் இருந்திருந்தா வாங்கியிருப்பாங்க மதாம்" என்றார் தாளாளர், சிரித்துக்கொண்டே.

முருகையனுக்கு இதில் ஒரு சிரமமும் இருக்கும் என்று தோன்றவில்லை. குருசுக்குப்பத்தில் வீடு. தினமும் காலையில் தீபாவைத் தன் மொபெட்டில் ஏற்றிப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் தட்டாஞ்சாவடி போவான். அந்த இருபது நிமிஷமும் அவள் பேசிக்கொண்டே வருவாள். யார் யாரோடு சண்டை, எந்த டீச்சருக்குக் கல்யாணம், சுறாவுக்கு எலும்பே கிடையாது என்பது வரைக்கும். அவன் "ம்" என்பான். எந்த "ம்" எதற்கு என்று அவளுக்குத் தெரியும். இருபது நிமிஷம் இருக்கும்போது பன்னிரண்டு நிமிஷம் என்ன பெரிய விஷயம்.

முதல் நாள் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டினான். பள்ளி வாசலில் எடுத்துப் பார்த்தால், 'வாகனம் நகர்கிறது. பாசம் பதிவாகவில்லை' என்று இருந்தது.

மறுநாள் கருவடிக்குப்பம் ரோட்டில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திப் பேசினார்கள். கடைக்காரர் யாருக்கோ "ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை கம்மி" என்றது பதிவில் விழுந்துவிட்டது. 'மூன்றாம் நபர் குரல் கேட்கிறது. பாசம் யாருக்கு என்று தெளிவாக இல்லை.' அதற்கு மறுநாள் கடற்கரையில் நிறுத்தினார்கள். 'காற்று அதிகம்.' வண்டியை நிறுத்திவிட்டால் தீபாவுக்கும் பேச்சு வரவில்லை. எதிரும் புதிருமாக நின்றுகொண்டு, "அப்புறம்" என்றான் அவன். "சொல்லு" என்றாள் அவள். பன்னிரண்டு நிமிஷம் ஆவதற்குள் இரண்டு பேருக்கும் வியர்த்துவிட்டது. அன்றைக்கு அவனுக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார்கள், நேரம் தாண்டிப் போனதற்காக.

சாப்பாட்டு டப்பா ஜெயத்தின் பொறுப்பு. அவள் வைத்த கருவாட்டுக் குழம்பை ஆப் கூர்ந்து பார்த்துவிட்டு, 'உணவு தெரியவில்லை, மண் தெரிகிறது' என்றது. ஜெயம் செல்போனைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே நீட்டி இன்னொரு தடவை காட்டினாள்.

அணைப்புக்கு வேறு ஒரு தடை. இவர்கள் இருந்தது மாடிவீட்டுக்குப் பின்னால் ஒட்டுப்போட்ட இரண்டு அறை. உள்ளே சிக்னல் வராது. மாடியில் தண்ணி டேங்குக்குப் பக்கத்தில் நின்றால் வரும். அதனால் தினமும் ஐந்தே முக்கால் மணிக்கு மூன்று பேரும் ஏணி ஏறிப்போய், டேங்கை ஒட்டி நின்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அஞ்சலாட்சி நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஜெயத்தைத் தெருக்குழாயில் பிடித்துவிட்டாள்.

"இன்னா ஜெயம், தெனம் சாயங்காலம் மேல போயி மூணு பேரும் கட்டிப்புடிச்சிக்கிறீங்க. யாருனா வெளிநாடு போறீங்களா?"

"இல்லக்கா. ஸ்கூல்ல குடுத்த வேல."

"கட்டிப்புடிக்கவா?"

"போட்டோ எடுத்து அனுப்பணும்."

"அப்படியா. நான் யாருக்கோ உடம்புக்கு வந்துட்சுன்னு நெனச்சி ரெண்டு நாளா தூங்கல" என்று சொல்லிவிட்டு அஞ்சலாட்சி குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

முருகையனின் முகம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. அது சும்மா இருக்கும்போது எப்படியோ அப்படியேதான் மகிழ்ச்சியிலும் இருக்கும். 'தந்தை முகத்தில் மகிழ்ச்சி இல்லை. மீண்டும் முயல்க' என்று ஆப் சொல்லிக்கொண்டே இருந்தது. பல்லைக் காட்டினான். 'தந்தைக்கு வலி இருக்கிறதா?' என்று கேட்டது. "அப்பா, கன்னத்தக் கொஞ்சம் மேல தூக்கு" என்று தீபா விரலால் தூக்கிக் காட்டினாள். 'தந்தையின் முகத்தில் மற்றவர் கை உள்ளது.'

ஐந்து வாரம் இப்படிப் போனபிறகுதான் இருபத்து மூன்று சதவீதம் என்று வந்தது. கூடவே பள்ளிக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்தது.

பள்ளியில் 'பாச ஒருங்கிணைப்பாளர்' என்று பலகை மாட்டிய அறையில் இளஞ்செழியன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கலாம், கல்யாணம் ஆகாதவன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். கோடு ஒன்று மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது.

"மிசியே, பயப்படாதீங்க. நாங்க யாரையும் குறை சொல்றதில்ல. டேட்டா சொல்லுது, அவ்வளவுதான். பாருங்க, செவ்வாய்க்கிழமை தோறும் உங்களுக்கு மகள் மேல பாசம் ரொம்ப இறங்கிடுது."

"செவ்வாக்கிழம ஓ.டி. சார். வீட்டுக்கு வர எட்டு மணி ஆயிடும்."

"காரணம் நாங்க கேக்கல. இறங்குதுன்னு மட்டும் சொல்றோம்." இளஞ்செழியன் குரலைத் தாழ்த்தினான். "பொண்ணு நல்லா படிக்கிது. மார்க் பிரச்சனையே இல்ல. உங்களாலதான் டி.சி. வாங்கிட்டுப் போகும் போல இருக்கு. ஒரு அப்பாவா யோசிச்சுப் பாருங்க."

முருகையன் ஒரு அப்பாவாக யோசித்துப் பார்த்தான். ஐந்து வருஷம் ஜெயம் இஸ்திரி போட்ட டை நினைவுக்கு வந்தது.

"நான் இன்னா சார் பண்ணணும்?"

"சிலம்பரசன்னு ஒருத்தர். எட்டாவது படிக்கிற பையனோட அப்பா. தொண்ணூத்தெட்டு வாங்கறாரு. முடிஞ்சா அவருகிட்ட பேசிப் பாருங்க. பாசம்னா என்னன்னு தெரியும்."

சிலம்பரசனின் வீட்டைத் தேடிப் போனபோது அவர் இல்லை. அபுதாபியில் வேலை. போய் இரண்டரை வருஷம் ஆகிறது, ஒருமுறைகூட வரவில்லை என்று அவர் மனைவி வாசலில் நின்று சொன்னாள். முருகையன் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து இரக்கப்பட்டு, முத்தியால்பேட்டையில் வெற்றிச்செல்வனின் பிரௌசிங் சென்டருக்குப் போகச் சொன்னாள்.

வெற்றிச்செல்வன் ஆதார் திருத்தம், பட்டா நகல், பாஸ்போர்ட், ரேஷன் கார்டு எல்லாம் செய்துகொடுத்துக்கொண்டிருந்தவன். ஜூன் மாதத்திலிருந்து பாசமும் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஆளுக்கு ஏழு சட்டை கொண்டுவரச் சொன்னான்.

பின்னால் இருந்த அறையில் மூன்று திரை தொங்கியது. ஒன்றில் சமையல்கட்டு, ஒன்றில் புத்தக அலமாரி, ஒன்றில் வேப்பமரம். மூன்று மணி நேரத்தில் ஒரு மாதத்துப் பாசத்தையும் எடுத்துவிடலாம் என்றான். சட்டை மாற்றி மாற்றி அணைத்துக்கொண்டார்கள். தீபா வேப்பமரத்துக்குக் கீழே அப்பாவின் தோளில் கை போட்டு நின்றாள்.

"பாப்பா, அப்பாவப் பாரு" என்றான் வெற்றிச்செல்வன். "அப்படியில்ல. மொத தடவ பாக்குற மாதிரி பாரு."

அவள் பார்த்தாள். அவனும் பார்த்தான். இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது.

பிறகு வெற்றிச்செல்வன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சில பொத்தான்களைத் தட்டினான். முருகையனின் நிறம் வெளுத்தது. நெற்றிச் சுருக்கம் போனது. மீசை ஒழுங்கானது. உதடு விரிந்து முப்பத்திரண்டு பல்லும் வரிசையாக வந்தன. ஜெயம் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

"யாரு இது?"

"அண்ணன்தான்கா. கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்."

உரையாடலுக்கு ஆளுக்குப் பத்து வாக்கியம் படிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்துகொண்டான். மிச்சத்தைக் கம்ப்யூட்டரே பேசிக்கொள்ளும். அன்றிலிருந்து தினமும் நாலு பதிவும் தானாகப் போய்ச் சேர்ந்தன. புள்ளி நாற்பதானது, எழுபதானது, செப்டம்பர் தொடக்கத்தில் தொண்ணூற்றொன்றில் வந்து நின்றது. ஜெயம் கம்பெனியில் எல்லோருக்கும் காட்டினாள். மொபெட்டில் மறுபடியும் நிம்மதியாகப் போய்வந்தார்கள்.

ஒருநாள் போகும்போது தீபா பின்னாலிருந்து சொன்னாள். "அப்பா, நேத்து நாம பன்னண்டு நிமிசம் பேசினோமாம்."

"இன்னா பேசினோம்?"

"நீ எனக்கு அறிவுரை சொன்ன."

"நல்லா சொன்னனா?"

"போட்டுக் கேட்டேன். பரவால்ல" என்றாள்.

செப்டம்பர் கடைசியில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. முருகையன் 'மாதத்தின் தந்தை'யாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாசப் பெருவிழா. தாளாளர் கையால் கேடயம். ஜெயத்துக்கு லீவு கிடைக்கவில்லை. பட்டறை முதலாளி ஆச்சரியப்பட்டு முருகையனுக்கு முழுநாள் லீவு கொடுத்தார்.

அன்று காலை தீபாவின் உடம்பு கொஞ்சம் சுட்டது. வீட்டில் இருக்கச் சொன்னான். உயிரியல் தேர்வு இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். அவளை இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் பள்ளிக்குப் போனான்.

வாசலில் புதிதாக ஒரு இரும்புக் கதவு நின்றது. பக்கத்தில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. பெற்றோர் அதில் முகத்தைக் காட்டினால், பாசம் ஆப்பில் இருக்கிற படத்தோடு ஒத்துப்பார்த்துத் தானாகத் திறக்கும். அன்று காலைதான் ரிப்பன் வெட்டியிருந்தார்கள். முருகையன் முகத்தைக் காட்டினான்.

'பொருத்தம் நாற்பத்தொரு சதவீதம். அனுமதி இல்லை.'

தள்ளி நின்று காட்டினான். குனிந்து காட்டினான். அப்போது அவன் செல்போன் அடித்தது. வகுப்பு ஆசிரியை. தீபாவுக்கு நூற்று மூன்று டிகிரி ஜுரம், இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள், உடனே வந்து அழைத்துப்போக வேண்டும்.

"வாசல்லதான் டீச்சர் நிக்கறேன்" என்றான்.

கதவுக்கு உள்பக்கம் வாட்ச்மேன் சாமிக்கண்ணு நின்றார்.

"தொறங்கண்ணே. பொண்ணுக்கு ஜொரம்."

"எனக்குத் தெரியும் முருகையா, நீதான்னு. அஞ்சி வருசமா பாக்குறேன்" என்றார் சாமிக்கண்ணு. "கதவுக்குத் தெரியலியே. எங்கிட்ட சாவி வாங்கிட்டாங்க."

அவர் ஓடிப்போய் இளஞ்செழியனை அழைத்துவந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இளஞ்செழியன் முருகையனை நிதானமாகப் பார்த்தான். ஜூலையில் எதிரே உட்காரவைத்துப் பேசிய முகம். ஆனால் அதற்குப் பிறகு அவன் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது வேறு முகம்.

"குழந்தைங்க பாதுகாப்பு விஷயம். யார் வேணும்னாலும் அப்பான்னு சொல்லிட்டு வந்துட முடியாது பாருங்க."

முருகையன் கதவுக்கு மேலே கட்டியிருந்த பேனரைக் காட்டினான். மாதத்தின் தந்தை அதில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது நான்தான் சார்."

இளஞ்செழியன் பேனரைப் பார்த்தான். இவனைப் பார்த்தான். "சாயல் இருக்கு" என்று ஒப்புக்கொண்டான். "நீங்க மிசியே முருகையனுக்குத் தம்பியா?"

உள்ளே மைக்கில் யாரோ கடவுள் வாழ்த்து பாடத் தொடங்கினார்கள். வெற்றிச்செல்வனைப் பற்றிச் சொன்னால் தீபாவின் டி.சி. இங்கேயே எழுதப்படும். சொல்லாவிட்டால் அவள் உள்ளே ஜுரத்தில் கிடப்பாள்.

"தம்பின்னா இன்னா பண்ணணும் சார்?"

"சித்தப்பாவா இருந்தா நாலாம் நம்பர் ஃபார்ம். தாராளமா கூட்டிட்டுப் போகலாம். அண்ணன் ஒப்புதல் வேணும், அவ்வளவுதான்."

முருகையன் கம்பி வழியாக ஃபார்மை வாங்கி, சுவரில் வைத்து நிரப்பினான். பெயர் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, செத்துப்போன தன் மாமாவின் பெயரை எழுதினான். உறவு: சித்தப்பா. குழந்தையை அழைத்துச் செல்வதன் காரணம்: ஜுரம். இளஞ்செழியன் அதை வாங்கித் தன் செல்போனில் ஏற்றினான். முருகையனின் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தான். 'உங்கள் தம்பி உங்கள் மகளை அழைத்துச் செல்ல அனுமதி கேட்கிறார். சம்மதமா?'

இளஞ்செழியனின் கண்ணெதிரே நின்று அவன் 'சம்மதம்' என்பதை அழுத்தினான்.

"பாருங்க" என்றான் இளஞ்செழியன், தன் செல்போனைப் பார்த்துப் பரவசமாகி. "பத்து செகண்டு ஆகல. மிசியே எங்க இருந்தாலும் பொண்ணு ஞாபகமாவே இருக்காரு. தொண்ணூத்தொண்ணுன்னா சும்மாவா? நீங்க உங்க அண்ணன்கிட்ட நிறையக் கத்துக்கணும்."

ஃபார்மில் முத்திரை குத்த ஆள் தேடிப் போனார்கள். மைக்கில் தாளாளரின் குரல் கேட்டது.

"மாதத்தின் தந்தை மிசியே முருகையன் வேலைப் பளுவால இன்னைக்கு நேர்ல வர முடியல. அதனால எனக்கு வருத்தம் இல்ல. சொல்லப்போனா சந்தோஷம். தந்தைகள் நேர்ல வந்தா என்ன ஆகுது? ஃபீஸ் ஏன் ஏத்தினீங்கன்னு கேக்கறாங்க. ஃபேன் ஓடலங்கறாங்க. படம் எதுவும் கேக்காது. படத்துல பாசம் மட்டும்தான் இருக்கு. இந்தக் கேடயத்த அந்தப் படத்துக்கே வழங்குறேன்."

கைதட்டல் தெருவரைக்கும் கேட்டது. சாமிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

தீபாவை ஓர் ஆயாம்மா தாங்கிப்பிடித்துக் கொண்டுவந்தாள். கண் சிவந்திருந்தது. கதவுக்கு உள்ளேயே நிறுத்தி, இளஞ்செழியன் விதிப்படி கேட்டான். "இவர் யாரும்மா?"

"அப்பா" என்றாள் தீபா.

"ஜுரத்துல பேசுது" என்றான் இளஞ்செழியன். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். ஆறு நாள் படுக்கையில் இருந்தாள். பகலில் ஜெயமும் இரவில் முருகையனும் மாறி மாறி இருந்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே போன மூன்றாவது நாள் சாயங்காலம், ஜெயம் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்க, தீபா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் செல்போன் மணி அடித்தது. 'இன்றைய அணைப்பு பதிவாகிவிட்டது. உங்கள் மகள் மகிழ்ச்சியாக இருக்கிறாள்.'

ஜெயம் அதை வாசித்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் வாசித்தாள். அதற்குக் கீழே பள்ளியின் சுற்றறிக்கை ஒன்றும் வந்திருந்தது. வாசல் கதவில் சில தந்தையரின் முகம் பொருந்தாமல் போவதாகத் தெரியவந்திருப்பதாகவும், கதவைப் பரிசோதித்ததில் அதில் குறை எதுவும் இல்லை என்றும், எனவே இனிமேல் தந்தையர் அனைவரும் பள்ளிக்கு வரும்போது தங்கள் படத்தைப் போலவே வர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

முருகையன் வந்ததும் அவள் செல்போனை அவனிடம் கொடுத்தாள்.

"பொண்ணு எழுந்து ஒக்காந்ததும் போயி டி.சி. வாங்கிக்குனு வந்துடு" என்றாள்.

"நீதான அந்த ஸ்கூல்தான்னு சொன்ன?"

"நான்தான் சொன்னேன். இப்ப இதையும் நான்தான் சொல்றேன்."

டி.சி. அவர்கள் நினைத்த மாதிரி சுலபமாகக் கிடைக்கவில்லை. இத்தனை நாள் அதைக் காட்டித்தான் பயமுறுத்தினார்கள்; கேட்கப் போனபோது தர மாட்டேன் என்றார்கள். முதலில் ஆப்பிலிருந்து மகளை நீக்க வேண்டும் என்றான் இளஞ்செழியன். வாசல் கதவு ஜெயத்தின் முகத்துக்குத் திறந்திருந்தது. அவளும் தீபாவும் கூட இருந்ததால், இந்தத் தடவையும் முருகையனை அவன் சித்தப்பா என்றே எடுத்துக்கொண்டு, மிசியே எங்கே என்றோ, அவர் செல்போன் இவனிடம் எப்படி என்றோ கேட்கவில்லை. முருகையன் செல்போனைத் திறந்து, நீக்கு என்பதை அழுத்தினான். ஒரு கேள்வி வந்தது.

'உங்கள் மகளிடமிருந்து விலகுவதற்கான காரணம் என்ன? ஒன்று: நேரமின்மை. இரண்டு: மகள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. மூன்று: வேறு மகள் கிடைத்துவிட்டாள்.'

வேறு எதுவும் இல்லை. முருகையன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் ரெண்டாவதுதான் போடுவாங்க" என்றான் இளஞ்செழியன். "சீக்கிரம் முடிஞ்சிடும்."

"போடுப்பா" என்றாள் தீபா. "சும்மாதான."

அவன் விரல் நகரவில்லை. ஏழு சட்டை மாற்றியவன், பல்லைக் காட்டியவன், தனக்குத் தானே தம்பியாகிக் கையெழுத்துப் போட்டவன். எல்லாவற்றையும் செய்துவிட்டு இந்த ஒரு பொத்தானில் வந்து நின்றுகொண்டான். "இது முடியாது சார்" என்று மட்டும் சொன்னான். பதினொரு மணியிலிருந்து மூன்றரை மணிவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஜெயம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. அடுத்துப் பார்க்க வந்த பெற்றோர்கள் வெளியே சேர்ந்துகொண்டே போனார்கள். ஒவ்வொருவரும் உள்ளே எட்டிப்பார்த்து என்ன என்று கேட்க, சாமிக்கண்ணு ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து விளக்கினார். கடைசியில் இளஞ்செழியன் செல்போனை வாங்கி, மூன்றாவதை அவனே அழுத்திவிட்டான்.

'புதிய மகளுக்கு வாழ்த்துகள். அவரை உடனே பதிவு செய்யவும்' என்றது ஆப்.

"யாருப்பா அவ?" என்றாள் தீபா.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்ந்த நாலாம் நாள் கணக்கு டீச்சர் செல்வாம்பாள், தீபா கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பதைக் கவனித்து, அம்மாவை அழைத்துவரச் சொன்னார். பார்வை எவ்வளவோ நாளாகக் குறைந்திருக்க வேண்டும் என்றார் கண் டாக்டர். இவ்வளவு நாள் யாருமே பார்க்கவில்லையா என்று கேட்டார். தினமும் நாலு தடவை பார்த்தார்கள் என்று ஜெயத்தால் சொல்ல முடியவில்லை. தானும் பார்க்கவில்லை என்பது அவளுக்கு அதைவிட வலித்தது.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகையன் தீபாவை அழைத்துப்போய்க் கண்ணாடி வாங்கிக்கொடுத்தான். திரும்பி வரும்போது அவள் வழிநெடுகக் கடைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தாள். சிக்னலில் நின்றார்கள். எதிரே லா விக்துவார் வித்யாலயாவின் பெரிய பேனர். வரும் கல்வியாண்டுக்குச் சேர்க்கை நடைபெறுகிறது. நடுவில் வெளுத்த நிறத்தில் ஒருவர் வேப்பமரத்துக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிந்தது. பெண்ணை வெட்டி எடுத்திருந்தார்கள். 'எங்கள் தந்தை, எங்கள் பெருமை.'

தீபா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"அந்தாளோட பொண்ணு பாவம்பா" என்றாள்.

"ஏன்?"

"எப்ப பாத்தாலும் சிரிச்சினே இருக்காரு. அவருகிட்ட போயி இன்னாத்த சொல்றது?"

பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. விளக்கு பச்சையாகி நேரமாகியிருந்தது.